ஏ9 ரோட்டில பொலிஸ் மறிச்சா: ஊருக்குப் போய் வாகனம் ஓடுற ஆக்களுக்கு

லீவுக்கு இலங்கைக்கு, ஊருக்குப் போய் அங்க தாங்களே கார் ஓடலாம் எண்டு நினைக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ. கண்டியில இருந்து யாழ்ப்பாணம் போற ஏ9ல வேகத்துக்கு மறிபடுறது அப்பிடியொண்டும் பெரிய விசயமில்லை, தண்டத் துண்டை வாங்கிக் காசைக் கட்டினா அதோட சரி. எங்கட ஆக்கள் அதை வேற மாதிரி முடிக்கப் பாக்கேக்கதான் சிக்கல் தொடங்குது.

முதல்ல கணக்கைப் பாப்பம். காருக்கு ஊர்மனைக்குள்ள 50, வெளியில 70, ஹைவே எண்டுற அதிவேகப் பாதையில 100 (ஏ9 அதில்லை), எல்லாம் கிலோமீட்டர்தான். லண்டன் ஆக்கள் இதில கவனம், 70 எண்டா உங்கட கணக்கில 43, 44 மைல்தான் வரும். வவுனியா தாண்டி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எண்டு நீட்டுக்குக் கிடக்கிற ரோட்டைப் பாத்தா கால் தானா அழுத்தும், எனக்கு விளங்குது. ஆனா 2018ல கூட்டின தண்டப்பணம் நீங்கள் எத்தனை வீதம் கூட ஓடினீங்கள் எண்டதை வைச்சுத்தான் போகுது: 20 வீதம் வரைக்கும் 3,000 ரூபா, 30 வரைக்கும் 5,000, 50 வரைக்கும் 10,000, அதுக்கு மேல 15,000. இதில ஆக்கள் யோசிக்காத ஒண்டு என்னெண்டா 70 ரோட்டில 15,000 வாங்கிறதெண்டா 105 தாண்டோணும், ஆனா கிளிநொச்சி டவுனுக்குள்ளயோ சாவகச்சேரிக்குள்ளயோ 76ல போனாலே அதே 15,000 தான். வெட்டையில மெல்லமா வந்திட்டு டவுனுக்குள்ள அதே ஓட்டத்தில வாற ஆக்கள்தான் கூட மாட்டுப்படுறது.

வேகம் அளக்கிற ஸ்பீட் கன் வைச்சிருக்கிறவர் மரநிழலில மறைஞ்சு நிப்பார், மறிக்கிறவர் கொஞ்சம் தள்ளி முன்னுக்கு நிப்பார். எதிர்ல வாற பஸ், லொறிக்காரர் ஹெட்லைட் அடிச்சா உங்களோட கோவம் எண்டு நினைக்காதேங்கோ, முன்னுக்கு ஆள் நிக்குது எண்டு சொல்லுறாங்கள்.

மறிச்சா சிக்னலைப் போட்டு இடப்பக்கம் ஓரங்கட்டி நிப்பாட்டுங்கோ, கொஞ்சம் தள்ளிப்போய் நிண்டாலும் காரியமில்லை, சடுதியா பிரேக் அடிக்கிறதுதான் கூடாது, பின்னால பஸ் வரும். கனடாவில மாதிரி ஸ்டியரிங்கில கையை வைச்சுக்கொண்டு அசையாம இருக்கத் தேவையில்லை. அங்க கனபேர் கடுதாசியளை எடுத்துக்கொண்டு தாங்களே இறங்கிப் போவினம், ஏனெண்டா துண்டு எழுதிறவர் மோட்டர்சைக்கிளுக்குப் பக்கத்தில நிப்பார். அவர் கிட்ட வந்தா கண்ணாடியை இறக்குங்கோ, வரச்சொல்லிக் கையைக் காட்டினா இறங்கிப் போங்கோ. கூலிங் கிளாசைக் கழட்டுங்கோ. முக்கியமா பின் சீட்டில இருக்கிற மாமாவை இறங்க விடாதேங்கோ, ஒரு ஆள் கதைச்சா அஞ்சு நிமிசத்தில முடியிற அலுவல் நாலு பேர் இறங்கி நிண்டா அரை மணித்தியாலம் இழுபடும்.

"சேர்" எண்டு கதைச்சாக் காணும். சிங்களம் தெரியாட்டி தமிழிலயே கதையுங்கோ, வடக்கில தமிழ் நிர்வாக மொழி, அவருக்குத் தமிழ் வராட்டித் தெரிஞ்ச ஒராளைக் கூப்பிடச் சொல்லிப் பணிவாக் கேக்கலாம், இல்லாட்டிச் சின்னச் சின்ன இங்கிலிசில சமாளிக்கலாம். ஸ்பீட் கன் காட்டின வேகத்தையும் காட்டச் சொல்லிக் கேக்கலாம், கேக்கிற விதத்தில கேட்டா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். விளங்காத பாசையில எழுதினதில கையெழுத்து மட்டும் வைக்காதேங்கோ. "நாங்கள் சுவிஸில இருந்து வந்தனாங்கள்", "ஓஐசியை (பொலிஸ் ஸ்டேசன் பொறுப்பதிகாரியை) எனக்குத் தெரியும்", "எம்பி எங்கட சொந்தம்" இந்த மூண்டும் வேண்டாம். முதலாவதைச் சொன்னவுடனயே உங்கட பொக்கற்றில எவ்வளவு இருக்கும் எண்டு அவருக்கு ஒரு கணக்கு வந்திடும். ஃபோனைத் தூக்கி லைவ் போடுறதும் அப்பிடித்தான், அங்கால நாலு பேர் லைக் போடுவினம், இங்கால நீங்கள் வெயிலுக்க நிக்கோணும்.

இனி எல்லாரும் மெல்லமாக் கேக்கிற கேள்வி. லைசன்சுக்க ஆயிரம் ரூபாயை மடிச்சு வைச்சுக் குடுக்கலாமோ? வேண்டாம். லஞ்சம் வாங்கிறவர் மட்டுமில்லை, குடுக்கிறவரும் குற்றவாளிதான், 2023ல வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்திலயும் அது அப்பிடித்தான் இருக்குது. 3,000 ரூபா எண்டா பத்துக் கனேடிய டொலர் சொச்சம், அதுக்காகப் போய் இதில மாட்டுப்படுறதே? அவராக் கேட்டா "எனக்குத் துண்டு எழுதித் தாங்கோ சேர்" எண்டு திருப்பித் திருப்பி அதையே சொல்லுங்கோ, கனதரம் அதோடயே கதை முடியும். முறைப்பாடு செய்யோணும் எண்டா லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954.

ஆக்கள் ஏன் கைக்க வைக்கினம் எண்டதுக்கும் காரணம் இருக்கு. பழைய முறைப்படி லைசன்ஸை வாங்கி வைச்சிட்டு ஒரு தற்காலிகத் துண்டு தருவினம், அது 14 நாளைக்குச் செல்லும், அதுக்குள்ள போஸ்ட் ஒபிசில காசைக் கட்டி, ரிசீட்டோட மறிச்ச ஏரியாப் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போய்த்தான் லைசன்ஸைத் திருப்பி எடுக்கோணும். 14 நாள் தாண்டினா ரெட்டிப்பு, 28 தாண்டினா கோட்ஸ், நீதிமன்றந்தான். மதவாச்சியில மறிபட்டிட்டு பருத்தித்துறையில நிக்கிற ஆளுக்கு இது எவ்வளவு அலைச்சல் எண்டு சொல்லத் தேவையில்லை. 2025ல இருந்து கவ்பே (GovPay) எண்டு தண்டப்பணம் கட்ட ஒன்லைன் முறை வந்திருக்கு, குருநாகல் அனுராதபுரம் ரோட்டில தொடங்கினது. அதில கட்டினா அந்த இடத்திலயே லைசன்ஸைத் தந்திடுவினம், அதால துண்டு எழுத முதலே "கவ்பேயில கட்டலாமோ சேர்" எண்டு கேளுங்கோ. உங்களிட்ட இலங்கை பாங்க் ஆப் இருக்காது, ஊரில மச்சானுக்கு ஒரு கோல் எடுத்து பொலிஸ் தாற இலக்கத்தைச் சொன்னா அவர் இருந்த இடத்தில இருந்து கட்டிவிடுவார். ரிசீட்டை ஸ்கிரீன்சொட் எடுத்து வாட்சப்பில அனுப்பச் சொல்லுங்கோ.

குடிச்சிட்டு ஓடினா இந்தக் கதை ஒண்டும் சரிவராது, அது நேர கோட்ஸ்.

வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் வைச்சுக்கொண்டு ஓடேலாது. கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேசனில இன்டர்நசனல் பெர்மிட்டுக்கு அங்கீகாரம் எடுக்கலாம், இல்லாட்டித் தற்காலிக லைசன்ஸ் எடுக்கலாம், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரருக்கு 2025 ஆகஸ்ட்டில இருந்து கட்டுநாயக்காவில எயார்போட்டுக்குள்ளயே அதுக்குக் கவுண்டர் இருக்கு. இன்சூரன்சும் வாகன வரி லைசன்சும் காருக்க இருக்கோ எண்டு வாடகைக்குத் தாற ஆளிட்ட சாவி வாங்க முதலே பாருங்கோ.

வான் பிடிச்சுப் போற ஆக்களுக்கும் ஒண்டு. "தம்பி கொஞ்சம் அமத்துங்கோ, விடியிறதுக்குள்ள வீட்டை போகோணும்" எண்டு பின்னால இருந்து சொல்லுறது நீங்கள், லைசன்ஸ் போறது அந்தப் பொடியன்ர. லைசன்ஸ் இல்லாட்டி அவனுக்கு அடுத்த ஹயர் இல்லை. இரவில முறிகண்டிப் பக்கம் மாடுகளும் ரோட்டில படுத்துக் கிடக்கும். நீங்கள் அவசரப்படுத்தி மறிபட்டா அந்த ஃபைனை நீங்களே கட்டுங்கோ, லைசன்ஸ் எடுக்கத் திரும்பிப் போறதுக்கு அடிக்கிற பெற்றோலையும் சேத்து.