ப்ளூஸ் கிட்டார் ஆல்பம்: எதுல ஆரம்பிச்சு எப்படி கேக்குறது

ப்ளூஸ், அதாவது அமெரிக்க கருப்பின மக்கள்கிட்ட பிறந்த இசை, கேக்கணும்னு ஆசைப்பட்டு வர்றவங்க நிறைய பேர் நேரா அந்தக் கால பாடகர், கிட்டார்காரர் ராபர்ட் ஜான்சன்கிட்ட போயிடுறாங்க, எங்க தேடினாலும் அவர் பேரு தான் முதல்ல வருது, போட்டா 1936ல பதிவு பண்ண கரகரப்பு, ரெண்டு பாட்டோட மூடி வெச்சிடுறாங்க. நானும் அப்படி தான் மூடினேன், திரும்பி வர ரெண்டு வருஷம் ஆச்சு. அதனால நான் சொல்ற வரிசைல அவர் கடைசில தான் வருவாரு.

முதல்ல பி.பி.கிங்கோட லைவ் அட் தி ரீகல். 1964 நவம்பர்ல சிகாகோ ரீகல் தியேட்டர்ல நடந்த கச்சேரி, மொத்தமே 35 நிமிஷம் தான், ஷஃபிள் போடாம முதல் பாட்டுலேர்ந்து ஒரே மூச்சுல கேளுங்க. வேகமா வாசிப்பாருன்னு எதிர்பாக்காதீங்க. மனுஷன் பாடும்போது வாசிக்க மாட்டாரு, வாசிக்கும்போது பாட மாட்டாரு, ஒரு வரி பாடிட்டு நிறுத்துவாரு, அந்த இடைவெளில கிட்டார் பதில் சொல்லும், கச்சேரில பாட்டுக்காரர் விட்ட இடத்தை வயலின்காரர் எடுத்துக்கற மாதிரி, ஆனா இங்க ரெண்டு வேலையும் ஒரே ஆளு. ஹவ் ப்ளூ கேன் யூ கெட் பாட்டுல உனக்கு ஏழு குழந்தை குடுத்தேன்னு பாடுற வரி வரும், அப்ப கூட்டம் போடுற கூச்சலுக்காகவே இந்த ஆல்பத்தை நூறு தடவை கேக்கலாம்.

ரெண்டாவது தடவை கேக்கும்போது தொடைல தட்டி எண்ணிக்கிட்டே கேளுங்க. நாலு தட்டு ஒரு பார், 12 பார் ஒரு சுத்து, பெரும்பாலான ப்ளூஸ் பாட்டு இந்த கணக்கு தான். முதல் 4 பார்ல ஒரு வரி, அடுத்த 4ல அதே வரி திரும்ப, ஆனா அடில கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டு) மாறியிருக்கும், கடைசி 4ல அதுக்கு முடிவு சொல்ற வரி. ஒவ்வொரு 4லயும் பாட்டு பாதிக்கு மேல போய் நின்னுடும், மிச்சம் கிட்டாருக்கு. இந்த சுத்து காதுல உக்காந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் எந்த ப்ளூஸ் ஆல்பமும் ஒரே மாதிரி இருக்குன்னு தோணாது, ஒவ்வொருத்தரும் அந்த மிச்ச இடத்துல என்ன பண்றாங்கன்னு தான் பாப்பீங்க.

அடுத்து ஆல்பர்ட் கிங், 1967ல மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ் கம்பெனில வந்த பார்ன் அண்டர் எ பேட் சைன். இவர் இடது கைக்காரர், வலது கை கிட்டாரை கம்பி மாத்தாம அப்படியே தலைகீழா பிடிச்சு வாசிச்சாரு, அதனால மத்தவங்க கம்பியை மேல தள்ளுற இடத்துல இவர் கீழ இழுப்பாரு, அந்த இழுப்பு தான் இவரோட குரல். ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்து, அது போக வேண்டிய இடத்துக்கு போறதுக்குள்ள நம்ம வயிறு கலங்கிடும். எனக்கு இந்த ஆள் மாதிரி யாரும் இல்ல.

அந்த இழுப்பை காதுல வெச்சுக்கிட்டு ஸ்டீவி ரே வானோட டெக்சஸ் ஃப்ளட் போடுங்க, 1983. தடியான கம்பி, அரை ஸ்வரம் கீழ ட்யூனிங், மூணு பேர் சேர்ந்து எழுப்புற சத்தம். இதுல ஆல்பர்ட் எங்க எங்க எட்டி பாக்குறாருன்னு நீங்களே கண்டுபிடிப்பீங்க. அப்புறம் உடனே இன் செஷன், அதே 1983 டிசம்பர்ல கனடால ஒரு டிவி நிகழ்ச்சிக்காக ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சது, ஆல்பமா வந்தது 1999ல தான். ஆல்பர்ட்டுக்கு அப்ப 60 வயசு, ஸ்டீவிக்கு 29, பாட்டுக்கு நடுவுல பெரியவர் பேசுறதையும் தாண்டி விடாதீங்க.

ஜான் மேயாலோட ப்ளூஸ் பிரேக்கர்ஸ் குழுவோட எரிக் கிளாப்டன் வாசிச்ச 1966 ஆல்பம் எல்லாருக்கும் தெரியும், நல்ல ஆல்பம் தான். அதுல வர்ற ஹைட்அவே ஃப்ரெடி கிங்கோடது, ஆல் யுவர் லவ் ஓடிஸ் ரஷ்ஷோடது, ரெண்டோட ஒரிஜினலையும் கையோட கேட்டுடுங்க.

இப்ப சத்தத்தை குறைக்கணும். மடி வாட்டர்ஸோட ஃபோக் சிங்கர், 1964. ராத்திரி வீடு அடங்கினப்புறம் ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல வேண்டவே வேண்டாம். அவர் குரல், பக்கத்துல அப்ப இளைஞரா இருந்த பட்டி கை (Buddy Guy) அகூஸ்டிக் (கரண்ட் இல்லாத) கிட்டாரோட, வில்லி டிக்சன் பேஸ், மெலிசா டிரம்ஸ், அவ்வளவு தான். குரல் ஏறி அடங்கும்போது அந்த ரூமே கேக்கும். பட்டி கையோட இன்னொரு முகம் வேணும்னா ஜூனியர் வெல்ஸோட ஹூடூ மேன் ப்ளூஸ், 1965, ரெக்கார்டிங்ல ஆம்ப் (கிட்டார் சத்தத்தை பெருக்கற பெட்டி) கெட்டுப்போய் ஆர்கன் ஸ்பீக்கர்ல கிட்டாரை மாட்டி வாசிச்சதுல சில பாட்டுல சத்தம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும்.

இவ்வளவும் ஆனப்புறம் ராபர்ட் ஜான்சன். கிங் ஆஃப் தி டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ், அவர் 1938ல 27 வயசுல செத்துப்போயி 23 வருஷம் கழிச்சு வந்த தொகுப்பு, 16 பாட்டு. ஒரேயடியா உக்காந்து கேக்காதீங்க, ஒரு நாளைக்கு நாலு பாட்டு போதும். முதல் பாட்டுல கட்டைவிரல் அடில போடுற நடையை மட்டும் பிடிங்க, திரும்ப போட்டு மேல மத்த விரல் என்ன பண்ணுதுன்னு கேளுங்க, ரெண்டு பேர் வாசிக்கிறாங்கன்னு தோணும். அங்க இருக்கறது அவர் ஒருத்தர் தான்.