டிரைவில் டெலிட் தட்டும் முன் ஓனர் யார் என்று பாருங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் ஃபிளாட்ஸ் சங்கத்தின் தரைத்தள அலமாரிக்குள் தண்ணீர் புகுந்து, பாதிக் காகிதம் கூழாகிப்போனது. மிச்சமிருந்த பிளான் அப்ரூவல், வில்லங்கச் சான்று, லிஃப்ட் ரசீதுகளைக் காயவைத்து ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றினோம். வெள்ளத்துக்குத் தப்பிய அந்தக் கோப்புகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தன.

பதவி முடிந்த செயலாளர்தான் அழித்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவருடைய கூகுள் கணக்கின் 15 ஜிபி இடம் நிரம்பி ஜிமெயில் வருவது நின்றுவிட்டது. “இனிமே எனக்கு எதுக்கு சார் இது?” என்று ஃபோல்டரைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பகிர்ந்த ஃபோல்டர் எல்லோருக்கும் பொது என்று நினைக்கிறோம். கூகுள் டிரைவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஓனர் உண்டு; இடமும் அவர் கணக்கில்தான் கழியும். அடுத்தவர் பகிர்ந்த கோப்பை நீங்கள் நீக்கினால் உங்கள் பார்வையிலிருந்துதான் போகும், உங்கள் ஜிபி ஒன்றும் மிச்சமாகாது. ஓனர் நீக்கினால் 30 நாள் டிராஷில், அதாவது குப்பைத்தொட்டியில், கிடந்துவிட்டு எல்லோருக்கும் போய்விடும். அந்த 30 நாளும் பகிர்ந்தவர்களால் கோப்பைத் திறக்க முடியும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எங்களுக்கும் இரண்டாவது மாதம் லிஃப்ட் கம்பெனிக்காரர் பழைய ரசீது கேட்டபோதுதான் தெரிந்தது.

சரி, ஓனரை மாற்றிவிடலாமே? மாற்றலாம். ஆனால் ஃபோல்டரை மட்டும் மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகள் பழையவர் பெயரிலேயே இருக்கும். புதியவர் எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து தன் கணக்கில் ஏற்றிக்கொள்வதே சுலபம். டிராப்பாக்ஸ் என்ற இன்னொரு கிளவுட் சேவையில் கதை வேறு: எடிட் அனுமதி உள்ள யார் அழித்தாலும் எல்லோருக்கும் போகும். இலவசக் கணக்கில் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு.

அப்புறம் போட்டோ. “கிளவுடில்தான் இருக்கே” என்று கூகுள் போட்டோஸ் ஆப்பிலேயே படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும். ஐபோனின் ஐகிளவுட் போட்டோஸிலும் இதே கதைதான். படம் கிளவுடில் இருக்கட்டும், போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் கூகுள் போட்டோஸில் அதற்கென்றே ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ இருக்கிறது. ஆப்பிலேயே அழித்துவிட்டால், பேக்கப் ஆன (கிளவுடில் ஏறிய) படமாக இருந்தால் கூகுள் போட்டோஸ் டிராஷில் 60 நாள் இருக்கும். கம்ப்யூட்டரில் கிளவுடோடு சிங்க் ஆகும் (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருக்கும்) ஃபோல்டரும் அப்படியே. அங்கே அழித்தால் கிளவுடிலும் போய்விடும்.

டிராஷில் கிடப்பதும் இடத்தைப் பிடிக்கும். அதனால் அழித்த கையோடு டிராஷையும் காலி செய்கிறார்கள். இது என்னைக் கேட்டால் பெரிய தப்பு. இருக்கிற ஒரே பாதுகாப்பும் அதுதான். அவசரமாக இடம் வேண்டுமா, டிரைவின் ஸ்டோரேஜ் பக்கத்தில் கோப்புகள் அளவு வாரியாக வரும். மேலே நிற்கும் கல்யாண வீடியோ ஒன்றை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினாலே போதும்.

இப்போது சங்கத்தின் பெயரிலேயே தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். பாஸ்வேர்டு தலைவரிடமும் பொருளாளரிடமும் இருக்கிறது. பிளான் அப்ரூவல் நகலுக்குத்தான் மறுபடி மனு போட்டிருக்கிறோம்.