ஒளிவளைவுத் தொகையீட்டைத் தொடராக விரிக்கும் முறை

சூரியனைப் போன்ற ஒரு கோளப் பொருளின் அருகே செல்லும் ஒளிக்கதிர் எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சுவார்ஸ்சைல்டு வெளியில், அதாவது சுழலாத கோள நிறையைச் சுற்றிப் பொதுச் சார்பியல் தரும் வளைந்த வெளியில், கணக்கிட முனைந்தால், எளிய சார்புகளுக்குள் அடங்காத நீள்வட்டத் தொகையீடு ஒன்று வந்து நிற்கும். ஈர்ப்பு வலுவற்ற இடங்களில் அதைத் தொடராக விரித்துத் தோராய மதிப்பைப் பெறலாம்; ஆனால் எந்த அளவை நிலையாக வைத்து விரிப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

மோதல் தொலைவை, அதாவது கதிர் வளையாமல் நேராகச் சென்றிருந்தால் மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரத்தை, நிலையாக வைத்து நேரடியாக விரித்தால், கதிர் திரும்பும் புள்ளி, அதாவது தொகையீட்டின் எல்லை, நிறையைப் பொறுத்து நகரும். விரிவின் உறுப்புகளும் அங்கே கட்டுக்கடங்காமல் பெருகும். ஆகவே கதிர் மையத்தை மிக நெருங்கும் தொலைவையே அலகாகக் கொள்ளுங்கள். அதைக் கதிரின் அப்போதைய தொலைவால் வகுத்தால் வருவது உ. ஈர்ப்பு மாறிலியையும் நிறையையும் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தாலும் அந்த மிகக் குறைந்த தொலைவாலும் வகுத்தால் வருவது எ. இனி,

1 / √[(1 − உ²) − 2எ(1 − உ³)]

என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிட்டு, இரண்டால் பெருக்கி, பையை (π) கழித்தால் விலகல் கோணம் ரேடியனில் கிடைக்கும்.

எல்லைகள் இப்போது எ-யைச் சாரவில்லை. (1 − உ²)-ஐ வெளியே எடுத்தால் உள்ளே எஞ்சுவது 1 − 2எ·வ; இதில் வ = (1 − உ³)/(1 − உ²). தொகுதியும் பகுதியும் உ = 1 இல் சுழியானாலும், பொதுக்காரணி (1 − உ) நீங்கியதும் வ = உ + 1/(1 + உ) என்றாகி, எல்லையில் 3/2 என்ற முடிவுள்ள மதிப்பைப் பெறுகிறது. முறை முழுவதும் இந்த நீக்கத்தைத்தான் நம்பியிருக்கிறது.

ஈருறுப்புத் தொடரின்படி 1 + எ·வ + (3/2)எ²·வ² + … என விரித்து, உ-வை ஒரு கோணத்தின் சைனாகப் பிரதியிடுங்கள். முதல் உறுப்பு கழிக்கப்படும் பையுடன் அடிபட்டுப் போகும். இரண்டாவது 4எ தரும். மூன்றாவதைக் கணினியிடம் விடாமல் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது: வ² மூன்றாகப் பிரிந்து பை/4, பை − 2, 2/3 ஆகியவற்றைத் தருவதால், உறுப்பு (15பை/4 − 4)எ² ஆகிறது. மோதல் தொலைவில் எழுதப்பட்ட வாய்பாடுகளில் இந்த −4 இராது. இரு தொலைவுகளுக்கும் இடையிலான வேறுபாடு அதை ஈடுசெய்துவிடுகிறது.

சூரிய விளிம்பில் எ ஏறத்தாழ 2.12 × 10⁻⁶. 4எ என்ற உறுப்பு, 1919 மே 29 சூரிய கிரகணத்தில் சோதிக்கப்பட்ட 1.75 வில்விநாடியை (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) தருகிறது. அடுத்த எ² உறுப்பு வில்விநாடியில் பத்து லட்சத்தில் சுமார் ஏழு பங்குதான்.

வ-வின் உச்சமதிப்பு 3/2 என்பதால், எ < 1/3 ஆக இருக்கும்வரை தொடர் ஒருங்கும். எ = 1/3 என்பது ஒளியே வட்டப்பாதையில் சுற்றக்கூடிய தொலைவு; அதை நெருங்க நெருங்கக் கோணம் மடக்கைச் சார்பாக எல்லையின்றிக் கூடுவதால், அங்கே தொடரைக் கைவிட்டு, தொகையீட்டை எண்முறையில் நேரடியாக மதிப்பிட வேண்டும்.