ஒரு ஞாயிறோடு நின்றுவிடும் தன்னார்வலர்கள்: தவறு யாருடையது?

சென்னையை 2050க்குள் கார்பன் சமநிலை கொண்ட நகரமாக்குவது, மாநகராட்சி 2023 ஜூனில் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தின் இலக்கு. நகரம் வெளியேற்றும் கரியமில வாயுவை முடிந்தவரை குறைத்து, மிஞ்சுவதை ஈடுகட்ட வேண்டும். குடியிருப்போர் சங்கங்களும் மாணவர் குழுக்களும் இதற்குப் புதியவர்களை அழைக்கின்றன. அவர்களும் வருகிறார்கள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று நாம் புலம்புகிறோம்.

முதல் கூட்டத்திலேயே 2050ஐப் பற்றிப் பேசுவதுதான் பெரிய தவறு. அன்று தன் வயது என்னவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பதில், வரும்போது ஈபி பில்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் நாட்டில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் 280 கிலோ. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புதுவகை பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் அளவே போதும். தினம் பத்து மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியிலேயே இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். இந்தக் கணக்கைத் தன் பில்லின் ஓரத்தில் தானே போட்டுப் பார்த்தவர் அடுத்த வாரமும் வருவார்.

எதிரில் இருப்பவர் யார் என்று பாராமல் பேசுவது அடுத்த தவறு. வாடகை வீட்டில் இருப்பவரிடம் மொட்டைமாடி சோலார் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாடிச் சாவி ஹவுஸ் ஓனரிடம் இருக்கிறது" என்றார். மாநகர பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகும் பெண்ணிடம் காரைத் தவிர்க்கச் சொல்வதும் இதே ரகம்தான். எந்த நிறுத்தத்தில் நிழல் இல்லை, எங்கே நடைபாதை பாதியில் அறுந்துபோகிறது என்று அவரிடம் நாம்தான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

எண்ணூருக்குப் போய் "விளக்கை அணையுங்கள்" என்று பாடம் எடுப்பதை நான் தவறு என்றுகூடச் சொல்லமாட்டேன், அது அவமதிப்பு. ஊருக்கெல்லாம் விளக்கெரிய, அனல்மின் நிலையச் சாம்பலோடு குடியிருப்பவர்கள் அவர்கள். அங்கே முதல் கூட்டத்தில் அவர்கள் பேசட்டும், நாம் குறிப்பெடுப்போம்.

மரக்கன்று நட்டுப் படமெடுத்துக் கலைவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் தண்ணீர் ஊற்ற யார் என்று முடிவாகும்வரை குழி தோண்டாதீர்கள்.

நாற்காலி தூக்குவதும் வாட்ஸ்அப் செய்தியைப் பரப்புவதும் மட்டுமே புதியவரின் பங்காகிவிடுகின்றன. முழுதாக ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளில் குவிந்த மக்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வருகிறது. கரியமில வாயுவைவிட இது பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால், மக்கும் குப்பை கிடங்குக்குப் போவது குறையும். ஆகவே, தன் தெருவில் எத்தனை வீடுகள் குப்பையைப் பிரித்துக் கொடுக்கின்றன என்று இரண்டு வாரம் எண்ணும் வேலையை அவரிடம் விடலாம். வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் பேசினால் பாதி விவரம் அன்றே கிடைத்துவிடும்.

அந்தக் கணக்கோடு, வார்டு மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகும்போது மட்டும், பத்து வருட அனுபவமுள்ள நம் ஆள் எழுந்து மைக்கைப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணியவரே பேசட்டும்.