புயல் அறிக்கையிலிருந்து வெளியேற்ற நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

புயல் அறிக்கை வந்ததும் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கேட்பது, "எப்போது கரையைக் கடக்கும்?" என்றுதான். மக்களை வெளியேற்றத் திட்டமிட அந்த நேரம் அவ்வளவாக உதவாது. புயலின் மையம் கரையைத் தொடப் பல மணி நேரம் இருக்கும்போதே பலத்த காற்று வந்து சேர்ந்துவிடும். காற்று மணிக்கு 63 கி.மீ.யை எட்டினால் பேருந்துகளையும் உயரமான வாகனங்களையும் சாலையில் விடுவது ஆபத்து. அதனால் அந்தக் காற்று வரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

அதற்கு முன், அறிக்கையில் உள்ள நேரம் யுடிசியா (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரமா என்று பார்த்து, எல்லாவற்றையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பலகையில் எழுதிவிடுங்கள். காற்றின் வேகம் எத்தனை நிமிடச் சராசரி என்பதையும் பாருங்கள். சில வானிலை மையங்கள் 1 நிமிடச் சராசரி தருகின்றன, சில 3 நிமிடம், சில 10 நிமிடம். ஒரே புயலுக்கு 10 நிமிடச் சராசரி குறைவாகத்தான் இருக்கும். இரண்டு மையங்களின் எண்களை ஒப்பிட்டுப் புயல் வலுவிழந்துவிட்டதாக நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இனி கணக்கு. வியாழன் இரவு 12 மணிக்கு மையம் கரையைக் கடக்கும் என்கிறது அறிக்கை. புயல் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்கிறது, பலத்த காற்று மையத்திலிருந்து 150 கி.மீ. வரை பரவியிருக்கிறது. 150-ஐ 15-ஆல் வகுத்தால் 10 மணி நேரம். ஆக, வியாழன் பிற்பகல் 2 மணிக்கே காற்று வந்துவிடும். முகாம்களைத் திறக்க, ஓட்டுநர்களைத் திரட்ட 4 மணி நேரம். மக்களை ஏற்றி இறக்க 8 மணி நேரம். புயல் வேகமெடுத்தால் சமாளிக்க 3 மணி நேரம். மொத்தம் 15. உத்தரவு புதன் இரவு 11 மணிக்குள் போயாக வேண்டும். அந்நேரத்தில் கதவைத் தட்டினால் யார் கிளம்புவார்கள்? புதன் மாலை 5 மணிக்கே அறிவித்துவிடுவதுதான் சரி. ஒவ்வொரு புதிய அறிக்கைக்கும் இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

வரைபடத்தில் வரும் கூம்பு, மையம் எந்தப் பக்கம் போகலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. காற்றும் மழையும் புயலால் எழும் கடல்நீர் ஏற்றமும் கூம்புக்கு வெளியேயும் தாக்கும். மையமே கூம்பைத் தாண்டிப் போவதும் உண்டு.

மழையளவை நீராக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். 1 சதுர கி.மீ. பரப்பில் 100 மி.மீ. மழை பெய்தால் 10 கோடி லிட்டர். மண் ஏற்கெனவே ஊறிப்போய், ஏரி நிரம்பியிருந்தால் அதில் பெரும்பகுதி தெருவுக்குத்தான் வரும். அன்றாடக் கடல் ஓத ஏற்ற நேரமும் சேர்ந்துகொண்டால் ஆறு கடலுக்குள் வடியாது. ஓத ஏற்ற அட்டவணையை அறிக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். தாழ்வான சாலைகளை முன்கூட்டியே மூடுங்கள்: ஓடும் நீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 செ.மீ. பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

"30 சதவீத வாய்ப்பு" என்று வந்தால் பலர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். முன்னேற்பாட்டுக்கு ஒரு பங்கு செலவு, அதனால் தவிர்க்கக்கூடிய இழப்பு பத்துப் பங்கு என்றால், வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டியதுமே இறங்கிவிடலாம். பம்புகளை இடம் மாற்றுவது, ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்புவது எல்லாம் இந்த வகை. எத்தனை சதவீத வாய்ப்பு வந்தால் யார் என்ன செய்வது என்பதைப் புயல் பருவத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்தாக்கி வையுங்கள். நள்ளிரவில் விவாதம் தேவைப்படாது.

புயலின் நடுவே உள்ள அமைதியான கண் பகுதி கடக்கும்போது காற்று சட்டென்று ஓயும். மீட்புக் குழு அப்போது வெளியே போகக் கூடாது. மறுபாதி எதிர்த்திசையிலிருந்து அதே வலுவோடு அடிக்கும். முதல் பாதியில் சாய்ந்து நின்ற மரங்கள் அதில்தான் விழும். காற்று வரம்புக்குக் கீழே இறங்கி அப்படியே நிலைத்துவிட்டதை நிலைய அளவீட்டிலும் ரேடாரிலும் உறுதிசெய்த பிறகே குழுவை அனுப்புங்கள். மழை நின்றாலும் மேல்பகுதி நீர் கீழே வந்து சேர ஒன்றிரண்டு நாளாகலாம். ஆற்றின் கீழ்ப்பகுதி முகாம்களை அதுவரை மூடாதீர்கள்.