கேட் வரைபடம் அச்சாகும்போது நிறம் எங்கே மாறுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் வரைந்த கேட் (CAD) வரைபடத்தை அச்சிட்டு, திரையில் இருந்த நிறம் தாளில் வரவில்லை என்றதும் பலர் லேயர் (ஒரே வகைக் கோடுகளைச் சேர்த்து வைக்கும் அடுக்கு) நிறத்தை மாற்றிவிட்டு மறுபடி அச்சிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். கோளாறு வரைபடத்தின் பிளாட் ஸ்டைலில் (எந்த நிறக் கோடு தாளில் எப்படி அச்சாக வேண்டும் என்ற விதிகளில்) இருக்கலாம், பிரிண்டர் டிரைவரில் இருக்கலாம், தாளிலும் மையிலும் இருக்கலாம். அதே ஷீட்டை முதலில் பிடிஎஃப் ஆக எடுத்துப் பாருங்கள். பிடிஎஃபிலேயே நிறம் தப்பு என்றால் சிக்கல் கேட் மென்பொருளுக்குள். பிடிஎஃப் சரியாக இருந்து தாளில் மட்டும் கெட்டால் லேயரைத் தொடவே வேண்டாம்.

மென்பொருளுக்குள் நடக்கும் தவறுகளை ஆட்டோகேட்டை வைத்துப் பார்ப்போம். பிளாட் ஸ்டைல் விதிகளைச் சேமித்து வைக்கும் சிடிபி (CTB) கோப்பு வேலை செய்வது 1 முதல் 255 வரை எண்ணிட்ட இண்டெக்ஸ் நிறங்களில் மட்டுமே. ஒரு லேயருக்கோ பொருளுக்கோ ட்ரூ கலர் (ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவுகளை எண்ணாகக் கொடுக்கும் நிறம்) கொடுத்திருந்தால் சிடிபி அதைக் கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் கருப்பாக அச்சிடும் மோனோக்ரோம் சிடிபி போட்டும் நாலைந்து கோடுகள் மட்டும் கலரில் வருவது இதனால்தான். லேயரை இண்டெக்ஸ் நிறத்துக்கு மாற்றுங்கள்; பொருளில் தனியாகக் கொடுத்த நிறத்தை செட்பைலேயர் கட்டளையால் நீக்குங்கள். அச்சில் குறிப்பிட்ட ஒரு ஆர்ஜிபி நிறம்தான் வேண்டும் என்றால், பிளாட் ஸ்டைல் எடிட்டரில் அந்த இண்டெக்ஸுக்கு எதிரே அதைக் கொடுப்பதே முறை.

7-ஆம் எண்ணும் 255-ஆம் எண்ணும் கருப்புத் திரையில் ஒன்றுபோல வெள்ளையாகத் தெரியும். 7 தாளில் கருப்பாக மாறும். சிடிபியில் வேறு நிறம் கொடுக்காவிட்டால் 255 வெள்ளையாகவே அச்சாகி மறைந்துவிடும். “கோடு காணவில்லை” என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். கருப்புத் திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சளும் (எண் 2) வெள்ளைத் தாளில் கண்ணுக்கே எட்டாது. பேஜ் செட்டப்பில் ‘டிஸ்பிளே பிளாட் ஸ்டைல்ஸ்’ தேர்வை டிக் செய்து, வெள்ளைப் பின்னணி கொண்ட லேஅவுட்டில் பார்த்தால் இவை அச்சிடும் முன்பே அகப்படும்.

வரைபடத்தை இன்னொருவருக்கு அனுப்பும்போது சிடிபியை விட்டுவிடுவதும் வாடிக்கை. அந்தக் கணினியில் அது இல்லையென்றால் கோடுகள் தங்கள் திரை நிறத்திலேயே அச்சாகும். வரைபடத்தையும் துணைக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டும் இ-டிரான்ஸ்மிட் மூலம் பேக் செய்து அனுப்புங்கள். வெளிர் ஹாட்ச் (பரப்பை நிரப்பும் நிறம் அல்லது கோட்டு வடிவம்) அடர்த்தியாக வந்து அடியிலுள்ள கோடுகளை மூடிவிட்டால், பிளாட் சாளரத்தில் ‘பிளாட் டிரான்ஸ்பரன்சி’ டிக் செய்யப்படவில்லை என்று பொருள். டிக் செய்தால் அச்சு மெதுவாகும், கோப்பும் பெரிதாகும். தேவைப்படும் ஷீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டிரைவர். பிடிஎஃப் ரீடரும் டிரைவரும் சேர்ந்து நிறத்தைத் திருத்தினால், ஒரே திருத்தம் இரண்டு முறை விழுந்து எல்லாம் மங்கும் அல்லது ஒரு பக்கமாகச் சாயும். யாராவது ஒருவர்தான் திருத்த வேண்டும். கேட் மென்பொருள் பெரும்பாலும் வெறும் ஆர்ஜிபி எண்களையே அனுப்புகிறது. ஆகவே டிரைவரிடம் பொறுப்பை விட்டு, மூல நிறவெளியை (வரும் ஆர்ஜிபி எண்களை எந்த அளவுகோலில் படிக்க வேண்டும் என்ற தேர்வை) எஸ்ஆர்ஜிபி என்று வைப்பதே பாதுகாப்பு. அங்கே அடோபி ஆர்ஜிபி இருந்தால் நிறங்கள் தேவைக்கு மேல் பளபளக்கும்.

தாள் வகையை அலட்சியம் செய்வதுதான் எங்கள் கணிப்பில் மிகப் பெரிய இழப்பு. பிளாட்டர் (பெரிய தாளில் அச்சிடும் பிரிண்டர்) எவ்வளவு மை தெளிக்க வேண்டும் என்பதை அந்தத் தேர்வுதான் முடிவு செய்கிறது. சாதாரணத் தாளை ஏற்றிவிட்டு கோட்டட் (மேற்பூச்சுத் தாள்) என்று தேர்ந்தால் மை ஊறிப் பரவி நிறம் இருளும். கோட்டட் தாளுக்குச் சாதாரணத் தாள் என்று தேர்ந்தால் வெளிறிப்போகும். வேறு வகை ரோல் மாட்டியதும் கேலிபரேஷன் (நிறத்தைச் சரிபார்த்துச் சீராக்கும் வேலை) ஓட்டுங்கள். அதற்கும் முன்னால் நாசில் செக் (மைத் துளைகள் அடைத்துள்ளனவா என்ற சோதனை). மெஜந்தா நாசில் அடைத்துக்கொண்டிருந்தால் சிவப்பு மஞ்சளை நோக்கிப் போகும். எந்த செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது. டிராஃப்ட் தரத்தில் அச்சிட்டு நிறத்தைக் குறை சொல்வதிலும் பயனில்லை, அதில் மை குறைவாகத்தான் விழும்.

சில நிறங்கள் மையால் முடியாதவை. திரையின் தூய நீலமான 0,0,255 சயானும் மெஜந்தாவும் கலந்து ஊதாவாகிவிடும். 0,80,200 போன்ற நீலம் ஓரளவு நீலமாகவே நிற்கும். 0,255,0 பச்சையும் எப்படியும் மங்கித்தான் வரும்.

மெல்லிய கோடு தனிச் சங்கடம். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்தில் 600 புள்ளி) 0.13 மிமீ கோட்டின் அகலம் ஏறத்தாழ 3 புள்ளிதான். வெளிர் சாம்பலையோ ஸ்கிரீனிங் 40 (மை அடர்த்தி 40 சதவீதம்) கொடுத்த நிறத்தையோ அத்தனை குறுகிய இடத்தில் புள்ளி கலந்து காட்ட இடமில்லை. கோடு விட்டுவிட்டு வரும். நிறம் முக்கியமென்றால் 0.25 மிமீக்குக் குறையாதீர்கள். சாம்பல் கோட்டில் பச்சையோ சிவப்போ கலந்து தெரிந்தால், டிரைவரில் கருப்பு மை மட்டும் என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

திரையை 6500 கெல்வினில், கண் கூசாத பிரகாசத்தில் வையுங்கள். அச்சை 5000 கெல்வின் விளக்கின் கீழ், மை காய்ந்த பின் பாருங்கள். அப்போதும் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தாது. எனவே நிறத்தைத் திரையில் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் நிறங்களை 15 மிமீ சதுரங்களாகவும், 0.13, 0.25, 0.5 மிமீ கோடுகளாகவும் ஒரே ஷீட்டில் வரைந்து, வேலைக்கான அதே தாளில், அதே தரத்தில் அச்சிடுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஆர்ஜிபி எண்ணை எழுதிவைத்து, பிடித்த கட்டத்தின் எண்ணை சிடிபியில் ஏற்றுங்கள். தாளின் வகை மாறினால் அந்த ஷீட்டை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.