வெளி எஸ்எஸ்டி அடிக்கடி தொங்குகிறதா? புதுப் பெட்டி வாங்காதீர்கள்

லினக்ஸில் பெரிய கோப்பு நகலெடுக்கும்போது யுஎஸ்பி எஸ்எஸ்டி பாதியில் நின்று நின்று ஓடினால், அதை மாட்டப் புதுப் பெட்டி வாங்க கோலாலம்பூரின் லோ யாட் கணினிக் கடைகளுக்குக் கிளம்புமுன் லினக்ஸின் மையமான கெர்னலிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் 'யூஏஎஸ்', 'அபார்ட்' என்று வரிசையாக வந்தால் இது உங்களுக்குத்தான்.

யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் பெட்டியின் அடையாள எண் தெரியும்: நான்கு இலக்கம், கோலன், மறுபடி நான்கு இலக்கம். அதன் பின்னால் இன்னொரு கோலனும் சின்ன 'யூ' (u) எழுத்தும் சேர்த்து, யுஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூலின் குவர்க்ஸ் அளவுருவாக (usb-storage.quirks=) பூட் வரியில், அதாவது கணினி தொடங்கும்போது கெர்னலுக்குப் போகும் கட்டளை வரியில், போட்டு மறுபடி தொடங்குங்கள்.

யூஏஎஸ் என்பது யுஎஸ்பி வட்டுக்கு ஒரே நேரத்தில் பல கட்டளைகளை அனுப்பும் வேகமான முறை. மலிவான பெட்டிகளில் உள்ள சில பிரிட்ஜ் சிப்கள் (எஸ்எஸ்டியை யுஎஸ்பியுடன் இணைப்பவை) அதை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொள்ளும், சுமை ஏறினால் திணறும். (சிப்பின் வாய்ச்சொல்லை நம்பத்தான் கெர்னல் எழுதப்பட்டிருக்கிறது, பாவம்.) அந்த 'யூ', யூஏஎஸ்ஸை விட்டுவிட்டு பழைய யுஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவரைப் பயன்படுத்தச் சொல்கிறது. எல்எஸ்யுஎஸ்பி-க்கு '-t' சேர்த்தால் டிரைவர் மாறியது தெரியும்.

வேகம் சற்றுக் குறையும், டிரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வசதி) வேலை செய்யாமலும் போகலாம். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் மின்சாரம் போதாமல் துண்டிக்கிறது, அல்லது கேபிள் லூஸ் என்றால் இது உதவாது. அதே அடையாள எண்ணுள்ள நல்ல பெட்டி இன்னொன்று இருந்தால் அதுவும் சேர்ந்து மெதுவாகிவிடும்.